துணியின் மறுமுனை

அந்த மாத்திரையை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிட்டது. அவள் செய்த குற்றம் அதுதான்.

சலவை ஆலையின் மடிப்புக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்து முடித்திருந்தது. பெரிய உருளைகள் நின்றுவிட்டாலும் அவற்றின் சூடு நிற்கவில்லை. ஈரத்துணியும் சோப்பும் கருகிய நூலும் கலந்த ஆவி கூரைக்கும் தலைகளுக்கும் நடுவே தொங்கியது. பெண்கள் மடிப்புமேசையைச் சுற்றி டப்பாக்களைத் திறந்தார்கள். அவள் கொதிகலன் சுவரோரமிருந்த பெஞ்சிலிருந்து எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“என்ன கண்ணு, மூஞ்சியில உசிரு வந்திருக்கு?” என்று கேட்டவள் ரேடியோ. பொழுதுக்கும் வாயை மூடாததால் அந்தப் பெயர். உருளைச் சத்தத்தில் பேசிப் பழகி, பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொன்னாலும் வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கேட்கும்.

“இப்பப் பரவால்லக்கா. மாத்திரை போட்டேன். விட்டுருச்சு.”

“எந்த மாத்திரை?”

கேட்டது ரேடியோ இல்லை. மேசையின் எதிர்ப்பக்கத்தில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்த நாத்தனார்.

“என் பையில இருந்தது அண்ணி. டாக்டர் குடுத்தது.”

நாத்தனார் முட்டையை வைத்தாள். விரல்களை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த சின்ன டப்பாவை எடுத்து மேசை நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள்.

“டாக்டர் குடுத்தது இதோ இருக்கு. போன வாரத்துலேர்ந்து என்கிட்டதான் இருக்கு. உன் டப்பாவுல இருக்கறது என் முட்டி வலிக்குக் குடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை. அதுவும் வெள்ள, அதுவும் வட்டம். தின்னதும் விட்டுருச்சாம்ல வலி!”

மேசையைச் சுற்றி மெல்லும் சத்தம் நின்றது.

“மாசாமாசம் என்ன கூத்து! உருளுவா, பெரளுவா, மூச்சு வாங்குவா. ஒரு துண்டு சுண்ணாம்புக்கு அடங்கிருச்சு பாத்தீங்களா? இப்பத் தெரியுதா, இத்தனை நாளா எது வலிச்சுதுன்னு?”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று தெரியவில்லை.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதே நொடியில், அடங்கியிருந்த வலி அடிவயிற்றில் பிடித்து முறுக்கியது. அவள் குனிந்தாள்.

“பாரு, ஆரம்பிச்சுட்டா! இப்பத்தான் சுண்ணாம்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல!”

இம்முறை சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. கூடத்தின் வாசலில் நின்றிருந்த மேற்பார்வையாளனும் சிரித்தான்.

நின்றிருந்தான் என்பதுதான் விஷயம். சிரித்து முடித்ததும் அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

*

நாத்தனாருக்கு ஆலையில் கஞ்சி என்று பெயர். மொடமொடப்பு அப்படி. நடை, முதுகு, பேச்சு எல்லாமே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டவை. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. தம்பி பெண்டாட்டிக்குச் சிணுங்கி என்று பெயர் வைத்ததும் அவள்தான். தம்பி பெண்டாட்டி வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டாள்.

இருவரும் ஒரு ஜோடி. மடிப்புக்கூடத்தில் எல்லாமே ஜோடிதான். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கைவிரிப்புகள் உருளைக்குள் நுழைந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். ஒருத்தி இந்தப் பக்கத்து இரண்டு முனைகளைப் பிடிக்க வேண்டும், மற்றவள் அந்தப் பக்கத்தை. இழுத்து ஓர் உதறல். ‘பட்’டென்று சத்தம் வந்தால்தான் சுருக்கம் போகும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி உதறல், மறுபடி நடை. பார்க்க நடனம் போல இருக்கும். ஆடுகிறவர்களுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்.

இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. துணி எதையும் மறைக்காது. எதிரில் நிற்பவள் இருமலை அடக்கினால் இங்கே கையில் தெரியும். கால் மாற்றி நின்றால் தெரியும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் தெரியும். “எம் புருஷனுக்குத் தெரியாததெல்லாம் எஞ் ஜோடிக்குத் தெரியும்” என்று, ஜோடி இருந்த காலத்தில் ரேடியோ சொல்வாள். அதற்கு மேலேயும் சொல்வாள். அதை எழுத முடியாது.

ஜோடியில் ஒருத்தி இல்லையென்றால் மற்றவளுக்கு மடிப்புக்கூடத்தில் இடமில்லை. அவள் அழுக்கறைக்குப் போக வேண்டும். படியிறங்கிப் போனால் ஜன்னலில்லாத ஓர் அறை. ஆஸ்பத்திரி மூட்டைகளை அவிழ்த்து, ரத்தம் தனியாக, வாந்தி தனியாக, மற்றது தனியாகப் பிரிக்கும் இடம். மடிப்புக்குள் ஊசி இருக்கும், பல்செட் இருக்கும், ஒருமுறை விரல்நகம் இருந்தது. கையுறை போட்டாலும் நாற்றம் சோற்றுத் தட்டுவரை கூடவே வரும். ரேடியோவின் ஜோடி வேலையை விட்டு நின்றதிலிருந்து அவளுக்கு அங்கேதான் வாசம்.

மாதாமாதம் அந்த நாள் வந்து சிணுங்கி வீட்டில் படுத்துவிட்டால் கஞ்சிக்கு அழுக்கறை. பகையின் வேர் அதுதான். மீதியெல்லாம் அதன் கிளைகள்.

பெஞ்சு இருந்தவரை கொஞ்சம் சமாளிக்க முடிந்தது. கொதிகலன் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். வயிறு பிடித்தவள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சற்று உட்காருவாள். அதுவரை அவள் ஜோடி தனியாகத் தலையணை உறைகளை மடிப்பாள். இதை யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. மேற்பார்வையாளன் அந்தப் பக்கம் வரும்போது விசிலடித்துக்கொண்டே வருவான். உட்கார்ந்தவள் எழுந்துவிடுவாள், அவனும் பார்க்காதது போல் போய்விடுவான். அதனால்தான் அவனுக்கு விசில் என்று பெயர்.

சுண்ணாம்பு மாத்திரைக்கு மறுநாள் காலையில் பெஞ்சு இல்லை. சுவரோரம் அது நின்ற இடத்தில் நான்கு கால்களின் கறை மட்டும் இருந்தது.

“எல்லாம் மனசும்மா!” என்றான் விசில், கையில் முதலுதவிப் பெட்டியுடன். “வயிறு வலிச்சா இங்க வாங்க, மாத்திரை தரேன், போட்டுட்டு வேலையப் பாருங்க. உக்காந்தா வலியவே நெனச்சுக்கிட்டு இருப்போம். கஞ்சி நேத்து நிரூபிச்சுக் காட்டினாங்கல்ல?”

கஞ்சியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. ஆனால் சுற்றியிருந்த பெண்களின் பார்வை போனது வேறு பக்கம்.

“உன்னாலதான்டி!” என்றாள் உருளையில் துணி ஏற்றும் உருளைக்காரி, சிணுங்கியின் காதருகே. “சுண்ணாம்ப முழுங்கிட்டு ‘விட்டுருச்சு’ன்னு ஊர் பூரா சொல்லணுமா? வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?”

“எனக்குத் தெரியாதேக்கா.”

“தெரியாதாம்! உன் வயிறு உனக்குத் தெரியாதா?”

அந்த வாரம் இன்னொரு வேடிக்கை நடந்தது. பெட்டியிலிருந்த மாத்திரை எதுவும் யாருக்கும் வேலை செய்யவில்லை. தலைவலி என்று போனவள் மாத்திரையை வாங்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, “இதுவும் சுண்ணாம்பா சார்?” என்று கேட்டாள். விசில் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினான். அவள் தலைவலி சாயங்காலம் வரை போகவில்லை. பல்வலிக்காரி வாங்கியதை உடைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். நிஜ மாத்திரைகள்தான் அவை. ஆனால் யார் நம்புவது?

அந்தக் கோபமும் சிணுங்கியின் தலையில்தான் விடிந்தது.

*

வீடு ஒரே வரிசையில் இருந்த குடியிருப்பில் கடைசி. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு திரைச்சீலை. அதுவும் ஆலையில் கழித்துவிட்ட விரிப்புதான். திரைக்கு இந்தப் பக்கம் சிணுங்கியும் அவள் புருஷன் வண்டிக்காரனும், அந்தப் பக்கம் அவனுடைய கல்யாணமாகாத அக்கா கஞ்சி. வண்டிக்காரன் ஆலையின் சலவைவண்டியை ஓட்டுகிறான். அழுக்கை ஏற்றி வருவான், வெளுத்ததை இறக்கிவிட்டு வருவான். வீட்டிலும் ஏறக்குறைய அதே வேலை. அக்கா சொன்னதைப் பெண்டாட்டியிடம், பெண்டாட்டி சொன்னதை அக்காவிடம்.

“சரி விடு, சுண்ணாம்புல போகுதுன்னா நல்லதுதானே? சுவத்தச் சொரண்டிக்கலாம்” என்று சிரித்தான்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “நீங்களுமா?”

“தமாஷுக்குச் சொன்னேம்மா.”

“உங்கக்கா என் பையில கைய விட்டு மருந்த மாத்தி வெச்சிருக்காங்க. அது உங்களுக்குத் தமாஷு. நாளைக்கு வேற ஏதாவது மாத்தி வெச்சா?”

“நான் என்ன வெஷமா வெச்சேன்?” திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “வெக்கணும்னா எப்பவோ வெச்சிருப்பேன்!”

“கேட்டீங்களா?”

“அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. இங்க பாரு, நீயும் சும்மா இரு. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போவோம். நெஜமா, மனசான்னு அவங்களே சொல்லட்டும். பஞ்சாயத்து முடிஞ்சுது.”

மறுநாள் டாக்டரம்மாவுக்கு நாற்காலியை விட்டு எழ நேரமில்லை. வெளியே வராந்தா நிறைய ஆட்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கட்டி, கிட்டி ஒண்ணுமில்ல. கர்ப்பப்பை சுருங்குது, வலிக்குது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது.”

வண்டிக்காரன் தொண்டையைக் கனைத்தான். “சுண்ணாம்பு மாத்திரையில விட்டுருச்சு டாக்டர். அப்ப அது மனசுதானே?”

“விட்டுருச்சா? நல்லது. மருந்துன்னு நம்பிச் சாப்பிட்டா ஒடம்பே கொஞ்சம் வலியக் கொறைச்சுக்கும். அதுனால வலி பொய்னு ஆயிடுமா? அடுப்பு எரியறது வயித்துல. ஊதி விடறது மனசு. பாதிக்குப் பாதின்னே வெச்சுக்குங்க.” எழுதிக்கொண்டே கேட்டாள். “ஏம்மா, வலி வரும்னு முன்னாடியே பயப்படுவியா?”

“பயப்படுவேன் டாக்டர்.”

“சின்ன வயசுல வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

“எங்கம்மாவுக்கு. கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு ‘இந்தத் தடவ நான் பொழைக்க மாட்டேன்’னு கத்துவாங்க. நாங்கல்லாம் சுத்தி உக்காந்து அழுவோம்.”

“ம். வலி வர்ற நேரத்துல உன் பக்கத்துல யார் இருப்பா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஸ்கேன் படத்தைப் பார்த்தான்.

“சொல்லும்மா.”

“எதிர்ல இருப்பாங்க டாக்டர். எங்க அண்ணி.”

“நம்புவாங்களா உன்ன?”

டாக்டரம்மா மாத்திரை எழுதினாள். “வலி உச்சத்துக்குப் போனப்புறம் போடாத, ஆரம்பிக்கும்போதே போடு. டப்பாவ உன் கைலயே வெச்சுக்கோ. பயமுறுத்தறவங்க பக்கத்துல நிக்காத. அடுத்த ஆள வரச் சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்காரன் அக்காவிடம் இறக்கிய சரக்கு இவ்வளவுதான்: “ஒண்ணுமில்லக்கா. கட்டி கிடையாது. மனசாம்.”

“பாதின்னு சொன்னாங்க!” என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் பெண்டாட்டி. “பாதிய எங்க எறக்கி வெச்சுட்டு வந்தீங்க?”

“பாதியோ முழுசோ, மனசுன்னு டாக்டரே சொல்லியாச்சு.” கஞ்சி கூந்தலை உதறி முடிந்தாள். “மனச அடக்கத் தெரியாதவ எதுக்கு வேலைக்கு வரா? எனக்கு அழுக்கறைய வாங்கிக் குடுக்கவா?”

“உங்களுக்கு வலிச்சதே இல்லையா அண்ணி? ஒரு நாளும்?”

கஞ்சியின் கை முடிச்சில் நின்றது.

“வலிக்கலன்னு எவ சொன்னா?”

வண்டிக்காரன் தலை நிமிர்ந்தான்.

“வாயத் தொறந்தா எங்கம்மா கரண்டியக் காய்ச்சிக்கிட்டு வருவா. ‘ஆம்பளைங்க இருக்கற வீடு, உன் வயித்துக் கதைய ஊருக்கு ஒலிபரப்பாத’ன்னு. போர்வையக் கடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கேன். விடிஞ்சதும் எழுந்து வாசப் பெருக்கியிருக்கேன். இதோ உக்காந்திருக்கானே, இவனும் அதே வீட்லதான் இருந்தான். ஒரு நாள் ‘என்னக்கா’ன்னு கேட்டிருப்பானா? இப்ப உனக்கு மட்டும் ராத்திரி எழுந்து வெந்நி போடறான்!”

“எனக்குத் தெரியாதேக்கா” என்றான் அவன், சின்னக் குரலில்.

“தெரியாது. ஏன்னா நான் சொல்லல. அது பேரு மானம்.”

சிணுங்கிக்குக் கண் கலங்கியது. “அது பாவம்தான் அண்ணி. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். வாய மூடு. நான் மூடினேன்ல?” திரையை இழுத்துவிட்டாள். “உன் பாவத்த உன்கூடவே வெச்சுக்கோ. எனக்கு எதுக்கு?”

*

அடுத்த மாதம் நெருங்கியது.

வலிக்கு முன்னால் கஞ்சியின் கண் வந்தது. காலையில் தலைவாரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உணவு இடைவேளையில் தட்டைப் பார்த்தாள். “என்ன, சோறு எறங்கலையா? நாடகம் எப்ப? டிக்கெட்டு வாங்கணுமா, சும்மாவே விடுவாங்களா?” என்று கேட்டாள். மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிணுங்கி தன் வயிற்றைத் தானே உளவு பார்க்க ஆரம்பித்தாள். குனிந்தால் ஏதோ இழுப்பது போலிருக்கும், வந்துவிட்டதோ? இல்லை. நடந்தால் முதுகில் ஒரு பாரம், இதுதானோ? தெரியாது. தூக்கத்தில் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தம் வருவதற்கு முந்தின நாளே வலி வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரையைப் போட்டாள். புதிய டப்பா, இடுப்பை விட்டு இறக்காத டப்பா. ஆனாலும் விழுங்கும்போது கேள்வியும் சேர்ந்தே இறங்கியது. இது நிஜமா, சுண்ணாம்பா?

மறுநாள் வெளியே கொட்டும் மழை. துணி காயாததால் உருளைகளுக்குச் சூட்டைக் கூட்டியிருந்தார்கள். விடுதி ஒன்றில் அவசரமாக விரிப்பு கேட்டிருந்தார்கள். சலவைவண்டி ஏற்றுவாசலில் பின்கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தது. வண்டிக்காரன் மழைக்கு உள்ளே ஒதுங்கி நின்றான்.

முதல் விரிப்பு. உதறல். சிணுங்கியின் அடிவயிற்றிலிருந்து தொடை வரை ஒரு கத்தி இறங்கியது. பல்லைக் கடித்தாள். எதிரில் கஞ்சி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

இரண்டாவது. கஞ்சி வழக்கத்தைவிட வேகமாக இழுத்தாள். “என்ன, கை நடுங்குது? குளிரா? இந்தச் சூட்டுலயா?”

“கொஞ்சம் மெதுவா அண்ணி.”

“மெதுவான்னா வீட்ல போய்ப் படு. எனக்கு அழுக்கறை பழகிப்போச்சு.”

அடுத்தது அவள் கையை விட்டு நழுவியது. தரையில் பட்ட விரிப்பு மறுபடி தண்ணீருக்குப் போக வேண்டும். எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். அதற்கடுத்ததும் நழுவியது. உருளை நிற்கவில்லை, துணியை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. இன்னொன்று தரையில் சரிந்தபோது சிணுங்கியும் அதன் மேலேயே மண்டியிட்டாள்.

விசில் சத்தமே இல்லாமல் வந்தான் விசில்.

“நிறுத்துங்க! உருளைய நிறுத்துங்க! வண்டி நிக்குது, விடுதிக்காரன் உயிர எடுக்கறான், இங்க துணியத் தரையில விரிச்சுப் படுத்திருக்கீங்களா? மாத்திரை போட்டியா இல்லையா?”

“போட்டேன் சார். கேக்கல.”

“அதான் எல்லாம் மனசு...”

“பாதி சார்.”

அவள் எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. ஆனால் குரல் உருளை நின்ற அமைதியில் கூடம் முழுக்கக் கேட்டது.

“டாக்டர் பாதின்னுதான் சொன்னாங்க. ஒரு பாதி என் வயித்துல இருக்கு. அத நான் பொறுத்துக்கறேன், எனக்குப் பழக்கம். இன்னொரு பாதி எனக்கு எதிர்ல துணியப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அத மாத்திக் குடுங்க.”

ஏற்றுவாசலில் வண்டிக்காரன் அசையாமல் நின்றான்.

“யாரடி சொல்ற?” என்றாள் கஞ்சி.

“உங்களத்தான் அண்ணி. நான் நடிக்கறேன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்க. இவங்க யாரும் என் துணியப் பிடிக்கல. நீங்க பிடிச்சீங்க. என் கை எப்ப நடுங்குச்சு, எப்ப மூச்சு நின்னுச்சு, எல்லாம் உங்க கைக்கு வந்துச்சு. இத்தன நாளா வந்துச்சு. நடிப்பா இல்லையான்னு இந்தக் கூடத்துல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. சொல்லுங்க, நடிப்பா?”

யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஜோடி சேர்ந்து மடிப்பவர்கள். அந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

“சொல்லு கஞ்சி” என்றான் விசில். “எதிர்ல நின்னவ நீதானே?”

கஞ்சியின் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிந்தது.

“தெரியும்” என்றாள். “நடிப்பு இல்ல. மொத மாசத்துலேர்ந்தே தெரியும். அதுக்கென்ன இப்ப? எனக்குந்தான் வலிக்குது. இன்னைக்கு, இப்ப, இந்த நிமிஷம் வலிக்குது. இவளும் துணியப் பிடிச்சுக்கிட்டுதானே நின்னா? இவளுக்குத் தெரிஞ்சுதா?”

சிணுங்கி அவள் கைகளைப் பார்த்தாள். விரிப்பின் இரண்டு முனைகளை இன்னும் பிடித்திருந்த கைகள். நடுக்கம் இல்லை. கட்டைவிரல் நகங்கள் மட்டும் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தன.

“தெரியல அண்ணி.”

“தெரியாது! தெரியவிட மாட்டேன். அப்படி நின்னு பழகினவ நான். நீ சிணுங்குவ, உனக்குச் சுவரு, உனக்கு வெந்நி, உனக்கு டாக்டரு. நான் வாய மூடிக்கிட்டு உன் பங்கு ரத்தத்தையும் அழுக்கறையில பிரிப்பேன். என்னடி நியாயம்?”

“இப்பச் சொல்லிட்டீங்களே” என்றாள் சிணுங்கி.

கஞ்சி திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். உருளைக்காரி, விசில், படியேறி வந்து நின்ற ரேடியோ, ஏற்றுவாசலில் தம்பி. அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. அவள் முகம் உருளைத் தகடு போலச் சிவந்தது. கையிலிருந்த முனைகளைத் தரையில் எறிந்தாள்.

“அக்கா...” தம்பி ஓரடி முன்னால் வந்தான்.

“வராத! எங்கிட்ட வராத. அப்ப வந்திருக்கணும்!”

விசில் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு வேண்டியது நியாயமில்லை, விரிப்பு. “சரி, போதும். ஏம்மா ரேடியோ, உனக்குத்தான் ஜோடி இல்லையே. நீ இங்க வா. கஞ்சி, நீ கீழ போ. இனிமே இப்படியே இருக்கட்டும்.”

“இப்படியே இருக்கட்டுமாம்ல!” ரேடியோ கையுறைகளை உருவி மேசையில் போட்டாள். “நல்லா வேணும். பெஞ்ச எடுக்க வெச்ச மகராசி. இல்லன்னா இப்ப நீயே போய்ச் சாஞ்சிருக்கலாம்ல? போ போ, கீழ ரெண்டு மூட்டை அவுக்காம வெச்சிருக்கேன், உனக்குன்னே.”

கஞ்சி அந்தக் கையுறைகளை எடுத்துக்கொண்டாள். போகும் வழியில் சிணுங்கிக்கு அருகில் ஒரு நொடி நின்றாள்.

“சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரணும்?”

“வருவேன் அண்ணி.”

“அங்க யாரு ஜோடிய மாத்தறாங்கன்னு பாக்கறேன்.”

“அங்கயும் வலிக்குதுன்னுதான் சொல்லுவேன்.”

“சொல்லு. சொல்லிக்கிட்டே இரு.”

அவள் படியிறங்கினாள். முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது. பாதிப் படியில் ஒரு கை மட்டும் சுவரைப் பிடித்தது. சிணுங்கி அதைப் பார்த்தாள். கூப்பிடலாமா என்று ஒரு நொடி வாய் திறந்தது. கூப்பிடவில்லை. கீழே கதவு படாரென்று சாத்தப்பட்டது.

உருளை மறுபடி ஓடத் தொடங்கியது.

“பிடி கண்ணு” என்றாள் ரேடியோ. “எங்க வலிக்குது இப்ப?”

“முதுகுல. கீழ.”

“சரி. உதறும்போது நான் இழுக்கறேன், நீ சும்மா பிடிச்சுக்கோ. கத்தணும்னா கத்து. எவ்வளவு கத்தினாலும் என்னத் தாண்ட முடியாது.”

விரிப்பு விரிந்தது. உதறலில் வலி மின்னல் போல வெட்டியது. “அம்மா!” என்று கத்திவிட்டாள். அந்தக் கூடத்தில் அவள் முதல்முறையாக முழுத்தொண்டையில் கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துணி ஏற்றிக்கொண்டிருந்த உருளைக்காரி மட்டும் வேலையை நிறுத்தாமல், “ஏய் ரேடியோ, மெதுவா இழுடி” என்றாள்.

வலி குறையவில்லை. இருந்த இடத்தில் இருந்தது, இருந்த அளவில் இருந்தது. ஆனால் அடுத்த உதறலுக்கு முன்னால் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளவில்லை. எதிரில் ஒரு முகம் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தது. அவள் தன் முனைகளை அந்தக் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாக, கால்களை அகட்டி வைத்துக் குனிந்தாள்.